லண்டனிலிருந்து ஒரு கிராமம்: லேகாக்கா, பைபரியா, ஈமா?

லண்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அரண்மனையும் அருங்காட்சியகமும் முடிந்த கையோடு, "ஒரு கிராமத்தையும் பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்" என்பார்கள். நல்ல ஆசைதான். இந்த நாட்டின் செல்வம் பல நூறு ஆண்டுகள் ஆட்டுக் கம்பளியிலிருந்து வந்தது. அந்தக் காலத்தின் வீடுகளும் தெருக்களும் கோயில்களும் கிராமங்களில்தான் பெரிய மாற்றமில்லாமல் நிற்கின்றன.

ஆனால் எந்தக் கிராமம்? இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் ஒரே சாயல்: தேன் நிறக் கல் வீடு, சன்னலில் பூந்தொட்டி, வாசலில் ஓடை. படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதான். நேரில் போனால்தான் வித்தியாசம் தெரியும். சில ஊர்கள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சில ஊர்களில் அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பமாகும். போட்டோ எடுத்து முடித்த பிறகு பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் அளவுகோல். அந்தக் கணக்கில் மூன்று ஊர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: குளோஸ்டர்ஷயரில் பைபரி, வில்ட்ஷயரில் லேகாக், டார்பிஷயரில் ஈம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை வருகிறீர்கள், கையில் இருப்பது ஒரு நாள், கார் இல்லை என்றால் லேகாக். வெளியூரில் ஓர் இரவு தங்க முடியும் என்றால் ஈம். பைபரி, காரும் விடியற்காலையில் கிளம்பும் மனமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

மூன்றில் அதிகப் புகழ் பைபரிக்குத்தான். கோல்ன் ஆற்றங்கரையில் ஆர்லிங்டன் ரோ என்ற ஒரு வரிசை வீடுகள். இங்கிலாந்திலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட வீடுகளில் சேரும். முன்பு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலேயே அச்சாகியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ், இங்கிலாந்தின் மிக அழகான கிராமம் இதுதான் என்றார். இந்த வரிசை வீடாகக் கட்டப்பட்டதல்ல. 1380 வாக்கில் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காக எழும்பியது. 17ஆம் நூற்றாண்டில்தான் தடுப்புச் சுவர் வைத்து நெசவாளர் குடியிருப்பாக்கினார்கள். எதிரே ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு சதுப்புப் புல்வெளி. பெயர் ராக் ஐல். வரிசை வீட்டில் நெய்த துணி ஆர்லிங்டன் ஆலைக்குப் போகும். அங்கே தண்ணீரில் போட்டு இடித்துக் கெட்டியாக்கி, பிறகு இந்தப் புல்வெளியில் மரச் சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். கிடங்கு, தறி, ஆலை, உலர்களம் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள். ஒரு தொழில் எப்படி நடந்தது என்பதை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் பைபரிக்கு அர்த்தம் உண்டு. தெரியாமல் போகிறவர்களுக்கு அது ஒரு வரிசை வீடு மட்டுமே. அந்த வீடுகளும் பொதுவாக உள்ளே போய்ப் பார்க்கக்கூடியவை அல்ல, ஆட்கள் குடியிருப்பவை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சாக்சன் காலத்தில் தொடங்கிய செயின்ட் மேரி தேவாலயமும், 1902இல் ஆரம்பித்த டிரவுட் மீன் பண்ணையும் இருக்கின்றன. குழந்தைகள் கூட வந்தால் மீன் பண்ணையில் கொஞ்ச நேரம் போகும். அதற்கு மேல் ஊரில் செய்ய அதிகமில்லை.

கூட்டம்தான் பெரிய சிக்கல். கோடையில் டூர் பஸ்களில் வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். அவ்வளவு பேரையும் தாங்கும் அகலம் அந்தச் சின்னத் தெருவுக்கு இல்லை. 2017இல் நடந்த ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. அந்த வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு முதியவரின் மஞ்சள் கார், படம் எடுக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று புகார் கிளம்பியது. யாரோ காரை அடித்துக் கீறிச் சேதப்படுத்தினார்கள். செய்தி பரவியதும் நாட்டின் பல மூலைகளிலிருந்து மஞ்சள் கார் வைத்திருப்பவர்கள் நூறு கார்களுக்கு மேல் அணிவகுத்து பைபரிக்கு வந்து அவருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். சந்தோஷமான முடிவுதான். ஆனால் பார்க்க வருகிற கூட்டம் ஓர் ஊரை எந்த அளவுக்கு நெருக்குகிறது என்பதும் அதில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன்னால் பைபரியில் இருக்க முடிந்தால் போங்கள். பஸ் டூர்காரர்களோடு நண்பகலில் இறங்குவதாக இருந்தால் என் யோசனை, வேண்டாம். ரயிலும் கிடையாது. பக்கத்து நகரம் சைரன்செஸ்டர். அங்கிருந்து சுமார் ஏழு மைல்.

லேகாக் அப்படியல்ல. லண்டன் பேடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். ஊர் மொத்தமும் நான்கு தெருக்கள். ஒரு சதுரமாகச் சுற்றி வரும். மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். தரை சமதளம்; முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஊர் ஏன் இப்படியே இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாக டால்பாட் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த கிராமத்தையும் மடாலயத்தையும் 1944இல் மடில்டா டால்பாட், பழைய இடங்களைப் பாதுகாக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். வீடுகளை டிரஸ்ட் வாடகைக்கு விட்டிருக்கிறது. பள்ளிக்கூடம், பேக்கரி, பப் எல்லாம் இயங்குகின்றன. தெருவின் குறுக்கே மின்கம்பி தொங்காது. கூரை மேல் டிவி ஆண்டெனா தெரியாது. பழங்காலக் கதையைச் சினிமாவாக எடுக்கிறவர்கள் திரும்பத் திரும்ப இங்கே வருவது அதனால்தான்.

இங்கே சுவர்களை நின்று பார்க்க வேண்டும். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில், வளைந்து வளர்ந்த மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்திருப்பது அப்படியே தெரியும். கூரையின் பாரம் முழுக்க அந்த இரண்டு வளைவுகளில்தான் இறங்குகிறது. சுவர் வெறும் அடைப்பு. 14ஆம் நூற்றாண்டு வேலை. அதற்குச் சற்றுத் தள்ளி மரச்சட்டமும் காரையும் சேர்ந்த வீடு, அடுத்து கல் வீடு, அடுத்து செங்கல் வீடு. ஒரே தெருவில் நடந்துகொண்டே நானூறு ஐந்நூறு வருடக் கட்டடக்கலையைப் பார்த்துவிடலாம். ஈஸ்ட் ஸ்ட்ரீட் முனையில் இருக்கும் களஞ்சியமும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மடாலயத்துக்கு அளந்து கொட்டிய இடம். அதை ஒட்டி, குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களை இரவில் அடைத்து வைக்கும் சன்னலில்லாத சின்னக் கல் அறை. ஜார்ஜ் இன் என்ற பப்பின் அடுப்பருகில் ஒரு மரச்சக்கரம் இருக்கிறது. அதற்குள் ஒரு நாயை விட்டு நடக்க வைப்பார்கள். சக்கரம் சுற்ற, நெருப்பின் மேல் இறைச்சிக் கம்பி சுற்றும். அந்த நாயை நினைத்தால் மனம் கனக்கிறது. கூட வரும் குழந்தைகள் கேட்கும் கேள்விகளும் அதைப் பற்றித்தான்.

இத்தனையும் டிக்கெட் இல்லாமல் பார்ப்பவை. மடாலயத்துக்கு டிக்கெட் உண்டு, தயங்காமல் வாங்குங்கள். 1232இல் இதை நிறுவியவர் சாலிஸ்பரி கோமகள் ஈலா. கணவர் வில்லியம் லாங்கஸ்பீ இறந்த பிறகு, அவர் நினைவாகக் கன்னியாஸ்திரிகளுக்காக எழுப்பினார். பின்னர் அதன் தலைவியாகவும் ஆனார். வில்ட்ஷயரின் ஷெரீஃப் பதவியையும் வகித்தவர். 13ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணுக்கு இது அபூர்வம். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த சாசனம் மேக்னா கார்ட்டா; 1225இல் அது மறுபடி வெளியானபோது எழுதிய பிரதி ஒன்று இங்கே பல நூற்றாண்டுகள் காப்பாற்றப்பட்டது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடாலயத்தை மூடினார்கள். வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன். பிரிஸ்டல் நாணயச் சாலையின் பொறுப்பில் இருந்துகொண்டு மோசடி செய்து, 1549இல் பிடிபட்டு, மன்னிப்பும் வாங்கி, பறிபோன சொத்தையும் பணம் கொடுத்து மீட்டவர். அவர் தேவாலயத்தை இடித்தார். ஆனால் கன்னியர் நடந்த தாழ்வாரங்களை விட்டுவைத்து, அதன் மேலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். அதனால் கீழ்த்தளத்தில் கன்னியர் மடம், மேல்தளத்தில் டியூடர் மன்னர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டு மாளிகை. ஒரு படிக்கட்டு ஏறினால் காலமே மாறுகிறது.

மேல்தளத்தில், தெற்குப் பக்க நீள அறையின் நடுவில், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சன்னல் இருக்கிறது. சிறு சிறு சாய்சதுரக் கண்ணாடிகளை ஈயப் பட்டையில் பதித்தது. சாதாரணமாகக் கடந்து போய்விடக்கூடியது. 1835 ஆகஸ்டில், அந்த வீட்டின் சொந்தக்காரரும் புகைப்படக்கலையின் முன்னோடியுமான ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் இதைத்தான் ஒரு சின்ன மரப்பெட்டிக் கேமராவால் படம் பிடித்தார். வெள்ளி உப்பு பூசிய காகிதத்தில், தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய நெகட்டிவ். கேமராவில் எடுத்து இன்றுவரை தங்கியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. அசல் பிராட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. படம் புதிதாக இருந்தபோது லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிகளையும் எண்ண முடிந்தது என்று டால்பாட்டே எழுதி வைத்திருக்கிறார். சன்னலருகில் நின்று நாமும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற முறை அவர் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தது. 1858இல் லின்னியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரை மீனாட்சி கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் எடுத்தது மெழுகிட்ட காகித நெகட்டிவில்; டால்பாட் காட்டிய வழியின் அடுத்த கட்டம் அது. நம் கோயில்களின் மிகப் பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு லேகாக் அந்நியமான ஊராக இருக்காது.

லேகாக் போகிறவர்கள் பலர் காசில் கூம் கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அதுவும் சிப்பன்ஹாமுக்குப் பக்கம்தான். சந்தை கூடிய இடத்தில் நிற்கும் 14ஆம் நூற்றாண்டுக் கல் மண்டபத்திலிருந்து பாலம் வரை சரிந்து இறங்கும் ஒரே தெரு. பாலத்தின் மேல் நின்று திரும்பிப் பார்த்தால் கிடைக்கும் காட்சி பைபரிக்குச் சளைத்ததல்ல. தேவாலயத்தில் முகப்பே இல்லாத பழைய கடிகாரம் ஒன்று இருக்கிறது. மணி மட்டும் அடிக்கும். கார் இருந்தால் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அதை மட்டுமே நம்பி ஒரு நாளைச் செலவிட வேண்டாம். பக்கத்திலேயே கார் பந்தயத் தடம் இருப்பதால், பந்தய நாளா என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது.

ஈம் முற்றிலும் வேறு. இங்கே அழகுக்காகப் போக வேண்டியதில்லை. ஊர் அழகாக இருந்தாலும்கூட.

1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து இந்த ஊர்த் தையல்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை ஒன்று வந்தது. ஈரமாக இருந்ததால் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் பிரித்து நெருப்பருகில் உலர்த்தினார். துணியில் பிளேக் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பதே காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். சில நாட்களில் விக்கர்ஸ் இறந்தார். அடுத்தடுத்த வீடுகளிலும் சாவு விழுந்தது. குளிர்காலத்தில் தணிந்தது போலிருந்து, 1666 கோடையில் மறுபடி எழுந்தது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த பாதிரியார் வில்லியம் மோம்பெசன், மதக் காரணங்களால் பதவி பறிக்கப்பட்டிருந்த முன்னாள் பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியோடு கைகோத்தார். ஊரில் ஒரு பகுதியினர் ஸ்டான்லி சொன்னால்தான் கேட்பார்கள். இருவரும் சேர்ந்து மூன்று விஷயங்களுக்கு ஊரைச் சம்மதிக்க வைத்தார்கள். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைப்பது. பிரார்த்தனையைத் தேவாலயத்துக்குள் நடத்தாமல், கக்லெட் டெல்ஃப் என்ற திறந்த பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று நடத்துவது. ஊர் எல்லையை யாரும் தாண்டாதிருப்பது. பக்கத்து சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். 1666 நவம்பரில் கடைசி மரணம் நிகழ்ந்தபோது 260 பேர் இறந்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கதையின் சில பகுதிகளைக் கேள்வி கேட்கிறார்கள்; கேட்கவும் வேண்டும். மோம்பெசன் தன் இரண்டு பிள்ளைகளை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார். வசதி இருந்த சிலர் முதலிலேயே கிளம்பிவிட்டார்கள். எல்லாரும் ஒரே மனதாகத் தியாகம் செய்தார்கள் என்ற வடிவம் பிற்காலத்தில் எழுதி எழுதி மெருகேறியது. ஆனால் மோம்பெசனின் மனைவி கேத்தரின் அவரோடு ஊரிலேயே தங்கி, 1666 ஆகஸ்டில் இறந்தார். தேவாலய முற்றத்தில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாக்சன் சிலுவைக்குப் பக்கத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

ஊருக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில் வயல் வழியே ஒரு பாதை போகிறது. அதில் எல்லைக்கல் ஒன்று. பாறையில் ஆறு குழிகள். விளிம்புகள் தேய்ந்து வழவழவென்றிருக்கும். வெளியூர்க்காரர்கள் வைத்துவிட்டுப் போன சாமான்களுக்கான காசை, நோய் தொற்றாமலிருக்க வினிகர் ஊற்றிய அந்தக் குழிகளில்தான் ஈம் மக்கள் போட்டு வைத்தார்கள். விரலை விட்டுப் பார்த்தால் ஆழம் தெரியும். ஊரின் இன்னொரு பக்கம் ஏற்றமான பாதையில் ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற தாய், 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த வயல். வட்டமான கல் சுவருக்குள் ஏழு நினைவுக் கற்கள், சுற்றிலும் புல்வெளி. 2020இல் கதவடைத்துக்கொண்டு நாட்களை ஓட்டிய நமக்கு அங்கே விளக்கப் பலகை தேவைப்படாது. கூட வரும் குழந்தைகளுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

தேவாலயம், பிளேக் வீடுகளின் வாசலில் இறந்தவர்களின் பெயர் சொல்லும் பலகைகள், சிறிய அருங்காட்சியகம், எல்லைக்கல், ரைலி எல்லாம் பார்க்க நாலைந்து மணி நேரம் வேண்டும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஷெஃபீல்டுக்கு ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து மலைப்பாதையில் பஸ். ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஓட்டமாகத்தான் முடியும். அதனால்தான் ஓர் இரவு என்கிறேன். ஷெஃபீல்டிலோ பேக்வெல்லிலோ தங்கினால், மறுநாள் சாட்ஸ்வொர்த் மாளிகையையும் பார்த்துவிடலாம். இன்று நிற்கும் மாளிகையின் பெரும்பகுதி பிளேக் காலத்துக்குப் பின் 1680களிலிருந்து புதுப்பித்துக் கட்டியது. ஆனால் உணவு அனுப்பிய குடும்பத்தின் வீடு அதுதான்.

மூன்று ஊர்களுக்கும் பொதுவான சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பஸ் அநேகமாக இருக்காது, அல்லது மிகக் குறைவு. வார நாளில் போங்கள், கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். இந்திய லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் முதல் 12 மாதம் இங்கே கார் ஓட்டலாம், இடப்பக்கம்தான், பழகியதே. ஆனால் கிராமத்துச் சாலைகளில் எதிரே கார் வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். பப்களில் மதியச் சமையல் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக்கு நின்றுவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. பிந்திவிட்டால் டீக்கடையில் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் ஜாமும்தான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் ஈம் அருங்காட்சியகமும் லேகாக் மாளிகை அறைகளும் எப்போது திறந்திருக்கும் என்று பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

உங்கள் பயணம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விழுந்தால் மட்டும் நான் மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாக்கிவிடுவேன். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு ஈம் ஊரில் பிளேக் ஞாயிறு. கக்லெட் டெல்ஃபில் ஊர் கூடி நினைவுப் பிரார்த்தனை நடத்துகிறது. அதே சமயத்தில் ஊர்க் கிணறுகளுக்கு அலங்காரமும் உண்டு. பலகையில் ஈரக் களிமண் அப்பி, அதில் பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்து, பூக்கோலம் போலப் படம் செய்து நிறுத்துவார்கள். டார்பிஷயரில் பெயர்பெற்ற வழக்கம் இது. ஆகஸ்டின் கடைசித் திங்கள் அரசு விடுமுறை என்பதால் மாவட்டம் முழுவதும் அறைகள் நிரம்பிவிடும். தங்குமிடத்தை ஜூனுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.